9.30க்குக் கடை அடைத்தால் ஊர் அழிந்துவிடுமா?



போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளியில் நடந்த கூட்டத்தில், நம்மூர்க் கடைத்தெருவில் எல்லாக் கடைகளையும் இரவு 9.30க்கு அடைப்போம் என்று ஒரு யோசனை வந்தது. பார்மசியும் சாப்பாட்டுக் கடையும் நீங்கலாக. யோசனையைச் சொன்னவரும் ஒரு வியாபாரிதான். அவரை ஐந்து நிமிடம்கூடப் பேச விடவில்லை, சிரித்தே உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிரவு நான் முகநூலில் இரண்டே வரி எழுதினேன், இது நல்ல யோசனை, யோசித்துப் பாருங்கள் என்று. அதன் கீழே ஒருவர் எழுதிய கருத்து: "ஒன்டரைக்கு மணி அடிச்சா வீட்ட போற சேர்மாருக்கு யாவாரிட கஷ்டம் என்னண்டு தெரியும்?" நூற்றுக்கு மேல் லைக். அதில் ஒரு லைக் என் சொந்த மச்சானுடையது.

சரி, இரண்டு வரியில் எழுதியது என் பிழை. இன்று நீட்டி எழுதுகிறேன். கடை அடைத்துவிட்டு வந்து ஆறுதலாக வாசியுங்கள்.

அந்தக் கருத்தில் உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மாதம் முடியமுன் சம்பளம் வங்கிக்கு வந்துவிடும். காய்ச்சல் வந்தால் லீவு போடலாம். அக்ரஹார காப்புறுதி இருக்கிறது, 60 வயதுக்குப் பிறகு பென்ஷன் இருக்கிறது. கடைக்காரருக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அவர் படுத்தால் அன்றைய வருமானமும் படுத்துவிடும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வெளியூர் வாடிக்கையாளர்கள் நம்மவர் கடைகளைத் தாண்டிப் போனதை நானும் பார்த்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் 13 மணிநேர மின்வெட்டு வரைக்கும் போனது. டீசல் இல்லாமல் லொறி வரவில்லை. 200 ரூபாயில் நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஷட்டரைத் தூக்கி வைத்திருக்கும் மனிதனைப் பார்த்துப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒரு கேள்வி. இந்தக் கஷ்டங்கள் எதுவும் வரமுன் 2018இல் நம்மூர்க் கடைத்தெரு எத்தனை மணிக்கு அடைபட்டது? பதினொன்றரைக்குத்தான். நான் அந்தத் தெருவில் வளர்ந்தவன். வியாபாரம் நன்றாக நடந்த காலத்திலும் பதினொன்றரை, படுத்த காலத்திலும் பதினொன்றரை. அப்படியானால் இந்த நேரத்துக்குக் கஷ்டம் காரணமில்லை, பழக்கம்தான் காரணம். அந்தப் பழக்கத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் எழுத வந்தேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எந்தப் பிள்ளை என்று தேட வேண்டாம், நான் முன்பு படிப்பித்த வேறொரு ஊர்ப் பாடசாலையில் நடந்தது. தரம் 9. ஒவ்வொரு நாளும் முதலாம் பாடத்தில் தூங்குவான். எழுப்பினால் எழும்புவான், பத்து நிமிடத்தில் தலை மீண்டும் மேசைக்குப் போய்விடும். விசாரித்தால் இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் நிற்கிறானாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்து வாப்பாவிடம் கதைக்கப் புறப்பட்டேன். பையன் பின்னால் ஓடி வந்து சொன்னான்: "சேர், வாப்பா என்ன கூப்பிடல்ல. நான்தான் போற. கடைக்குப் போனாத்தானே வாப்பாவக் காணலாம்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. போய் என்னவென்று சொல்வது?

இப்போதைய என் வகுப்பில் 36 பிள்ளைகள். போன தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த வாப்பாமார் ஐந்து பேர். ஒருவர் கடல் தொழில் செய்கிறவர், வள்ளத்திலிருந்து இறங்கி, குளித்துவிட்டு, கண் சிவந்தபடி நேராக வந்தார். இருவர் விவசாயிகள். ஒருவர் ஓட்டோ ஓடுகிறவர், ஒருவர் அரசாங்க உத்தியோகத்தர். என் வகுப்பில் கடை முதலாளிமாரின் பிள்ளைகள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அந்தக் கடைகளில் அதிகமானவை பாடசாலை மதிலிலிருந்து கூப்பிடு தூரம். ஒருவர்கூட வரவில்லை. கூட்டம் நடந்தது காலை எட்டு மணிக்கு. நம்மூர்க் கடைகள் திறப்பது ஒன்பது, ஒன்பதரைக்கு. இரவு பன்னிரண்டுக்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, போனைப் பார்த்து, ஒன்றரைக்குப் படுத்த மனிதன் காலை எட்டு மணிக்கு எப்படி எழும்புவார்? சுபஹுக்கு எழும்புகிறாரா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவன் வேறு.

வியாபாரிகள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். "நான் அடைப்பேன் சேர், எதிர்க்கடைக்காரன் அடைப்பானா? நான் ஒன்பதரைக்கு ஷட்டரை இழுத்தா என்ட ஆக்கள் அவன்ட கடைக்குப் போய்ப் பழகிருவாங்க." இதில் பொய் இல்லை. தனியாக ஒருவர் அடைத்தால் அவருக்கு நட்டம் வரலாம். அதனால்தான் எல்லோரும் சேர்ந்து அடைப்போம் என்று அந்தச் சகோதரர் பள்ளியில் எழுந்து நின்றார். நீங்கள் பயப்படும் அதே விஷயத்துக்கு மருந்து கொண்டுவந்தவரைப் பார்த்துத்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

இது நடக்காத காரியம் என்கிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பகல் நம்மூர்க் கடைத்தெருவைப் பாருங்கள். பன்னிரண்டேகால் மணிக்கு ஒரு ஷட்டர் திறந்திருக்காது. நாய்தான் படுத்திருக்கும். பாங்கு சொன்னால் கொடுக்கல் வாங்கலை விட்டு வா என்று ஸூரத்துல் ஜும்ஆவில் அல்லாஹ் சொன்னான், நாம் விட்டோம். ஒன்றரை மணிநேரம் முழுக் கடைத்தெருவும் அடைபடுகிறது, ஒவ்வொரு கிழமையும், ஆண்டுக்கு 52 தடவை. எந்த வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போனார்? பாண் வாங்க வேண்டியவர் பதினொன்றரைக்கே வாங்கிவிடுகிறார், புடவை வாங்க வேண்டியவர் பின்னேரம் வருகிறார். பக்கத்துத் தமிழ் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கும் வெள்ளிக்கிழமை பகல் வந்து பயனில்லை என்று தெரியும், யாரும் போஸ்டர் ஒட்டிச் சொல்லவில்லை. கடை எப்போது திறந்திருக்குமோ அப்போது ஆள் வருவார். 2022இல் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து ஊரே தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லையா?

அடுத்து, ஒன்பதரைக்குப் பிறகு உண்மையில் என்னதான் விற்கிறது? யோசனை சொன்ன அந்தச் சகோதரர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். கம்பியூட்டர் பில் எல்லாம் இல்லை, கொப்பிதான். ஒரு மாதம் முழுக்க, இரவு ஒன்பதரை ஆனதும் கணக்குக் கொப்பியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாராம். மாதம் முடிய, கோட்டுக்குக் கீழே இருந்ததை மட்டும் கூட்டிப் பார்த்தார். போன் ரீலோட், சிகரட், நுளம்புத்திரி, பிஸ்கட், இடைக்கிடை ஒரு பம்பர்ஸ் பக்கற். மிச்சமெல்லாம் கடன். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. கடன் கேட்கிறவர்கள் பகலில் வரமாட்டார்களாம், நாலு பேர் நிற்கும்போது கேட்க வெட்கம். கடைத்தெரு வெறிச்சோடிய பிறகுதான் வருவார்களாம். ஆக, கடைசி இரண்டு மணிநேரத்தில் அதிகம் வளர்ந்தது கடன் கொப்பிதான். கையில் வந்த காசில் லாபத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், இரண்டு பொடியன்மாரின் இராச்சாப்பாட்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் சரி. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மனிதர் கூட்டத்தில் எழுந்தார். சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் கொப்பியில் அப்படி ஒரு கோடு இழுத்துப் பார்த்திருக்கிறீர்கள்?

இல்லை சேர், செக் இருக்கு என்பீர்கள். தெரியும். கொழும்பு கெய்சர் வீதியில் பின்திகதியிட்ட செக்கைக் கொடுத்துச் சாமான் எடுக்கிறோம், அந்தத் திகதி நெருங்க நெருங்க நித்திரை இல்லை. செக் திரும்பினால் பெயர் போய்விடும், அடுத்த முறை யாரும் கடனுக்குச் சாமான் போடமாட்டார்கள். என் வாப்பா செக் திகதிகளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைப்பார், அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் வீட்டில் நாங்கள் சத்தமாகப் பேசுவதா மெதுவாகப் பேசுவதா என்று முடிவு செய்வோம். ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள். மூன்று லட்சம் ரூபாய்ச் செக்கை இரவு பத்தே முக்காலுக்கு விற்கும் நுளம்புத்திரியா பாஸாக்கப் போகிறது? செக் நெருக்கடி வந்தது விற்ற நேரம் போதாமல் அல்ல. பெருநாளுக்கு இரண்டு லட்சத்துக்கு ஓடும் கடைக்கு ஐந்து லட்சத்துக்குச் சாமான் எடுத்ததால். பக்கத்துக் கடைக்காரர் லொறியில் இறக்கினார் என்று நாமும் இறக்கினோம். வாங்கும்போது விட்ட பிழையை விற்கும் நேரத்தை நீட்டிச் சரிப்படுத்தப் பார்க்கிறோம். அது ஒருநாளும் சரிவரவில்லை, இருந்தும் அடுத்த பெருநாளுக்கும் அதையே செய்கிறோம்.

இன்னொன்று, கடையை விட்டு ஒரு மணிநேரம் விலக முடியாது என்கிறீர்கள். ஏன் முடியாது? லாச்சித் திறப்பை நம்பிக் கொடுக்க ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை? வருகிற பொடியன் இரண்டு வருடத்தில் கட்டாருக்குப் போய்விடுகிறான். ஏன் போகிறான்? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எழுபது வருடப் பழைய சட்டம். கடையில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு 8 மணிநேரம், கிழமைக்கு 45 மணிநேரம், அதற்கு மேல் என்றால் ஓவர்டைம், கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். நம்மூர்க் கடைத்தெருவில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற கடைகளை எண்ண என் இரண்டு கை போதும், அதிலும் சில விரல்கள் மிஞ்சும். காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்றரை வரை நிற்கிற பொடியனுக்கு ஒரு நாளைக்கு பதினான்கரை மணிநேரம் ஆகிறது. நாலு நாள் முடியமுன் சட்டம் சொன்ன 45 தாண்டிவிடும். மிச்ச நாட்கள் யாருடையவை? அவனும் ஒரு உம்மாவின் பிள்ளை. சிலர் ஒரு பிள்ளையின் வாப்பா. நாம் நம் பிள்ளைகளின் முகம் காண முடியவில்லை என்று எழுதினால் கண் கலங்கி ஷெயார் பண்ணுகிறோம், அந்தப் பொடியனின் பிள்ளையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவனுக்கு நேரத்துக்கு அடைக்கும் கடையும், சேமலாப நிதியும், கொஞ்சம் மரியாதையும் இருந்தால் பாஸ்போட் எடுக்க ஓடமாட்டான். ஐந்து வருடம் நின்றவனிடம் லாச்சித் திறப்பைக் கொடுத்துவிட்டு நீங்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்குப் போய்வரலாம். ஆளை வளர்க்காத கடையில் முதலாளிதான் சாகும்வரை வேலைக்காரன். அந்த வேலைக்காரனுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை, லீவும் இல்லை.

மார்க்கத்துக்கு வருவோம், ஏனென்றால் கூட்டத்தில் ஒருவர் "ஹலாலா உழைக்கிறதும் இபாதத்துத்தான்" என்று சொல்லித்தான் பேச்சை முடித்து வைத்தார். ஹலாலான உழைப்பு இபாதத்துத்தான், மறுப்பில்லை. அப்படியென்றால் ஸல்மான் (ரழி) அவர்களும் அபுத்தர்தா (ரழி) அவர்களும் சம்பந்தப்பட்ட சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். புகாரியில் இருப்பது, நம் பிள்ளைகளின் இஸ்லாம் பாடத்திலும் வரும். ஸல்மான் (ரழி) தன் சகோதரரின் வீட்டுக்குப் போகிறார். சகோதரரின் மனைவி தன்னைக் கவனிக்காமல் பழைய உடுப்போடு நிற்கிறார். ஏன் என்று கேட்டால், உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் நாட்டமில்லை என்கிறார். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் (ரழி) அவரை உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார், இரவில் தூங்க வைத்தார், கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். ரப்புக்கும் உடம்புக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்ற கருத்தில் புத்தி சொன்னார். நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது சரி என்றார்கள்.

இப்போது யோசியுங்கள். அபுத்தர்தா (ரழி) குடும்பத்தை விட்டுவிட்டுக் கடையில் நிற்கவில்லை. தொழுதார், நோன்பு பிடித்தார். அசல் இபாதத்தையே குடும்பத்தின் உரிமையைத் தின்னும் அளவுக்குச் செய்யக்கூடாது என்றால், நம்முடைய புடவைக்கடைக்கும் பென்சிக்கடைக்கும் எந்த ஃபத்வா இருக்கிறது? ஸல்மான் (ரழி) இன்றைக்கு நம்மூருக்கு வந்தால் எத்தனை வீட்டு வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்பார்?

பரகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன்: ஸக்ர் அல்காமிதி (ரழி). வியாபாரி. அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறார். நபி (ஸல்) அவர்கள் இந்த உம்மத்துக்கு அதிகாலையில் பரகத்தைக் கேட்டு துஆ செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரழி) தன் வியாபாரச் சாமான்களைக் காலையின் தொடக்கத்திலேயே அனுப்புவாராம், செல்வந்தராகிவிட்டார். நாம் பரகத் இருக்கிற நேரத்தில் போர்வைக்குள் இருக்கிறோம், நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்குப் பிறகு வீண் பேச்சுப் பேசி விழித்திருப்பதை வெறுத்த நேரத்தில் கடை வாசலில் கதிரை போட்டு அரசியல் பேசுகிறோம். அதையும் "கடையில் இருந்தேன்" என்ற கணக்கில்தான் வீட்டில் சொல்கிறோம். கோபிக்க வேண்டாம், நான் அந்தக் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்தவன். ரமழானின் கடைசிப் பத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஸஹர் வரைக்கும் யார் எங்கே நின்றோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதற்கு லைக் குறையும், தெரிந்துதான் எழுதுகிறேன். நம் கிழக்கில் ஒரு வாப்பாவுக்கு இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு கட்ட வேண்டும், மூன்று என்றால் மூன்று. வளவு வாங்கி, அத்திவாரம் போட்டு, கூரை போட்டு, இப்போது டைல்ஸும் சீலிங்கும் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் படி ஏறமாட்டார்கள். மகளுக்குப் பத்து வயதிலேயே கல் பறிக்கத் தொடங்குகிற வாப்பாமாரை எனக்குத் தெரியும். இரவு பதினொன்றரைக்கும் ஷட்டரைத் தூக்கி வைத்திருக்கிற மனிதனிடம் போய்க் கேட்டால், பத்தில் எட்டுப் பேர் மகள் என்றுதான் சொல்வார்கள். யாருக்காக வீடு கட்டுகிறாரோ அந்தப் பிள்ளைக்கு வாப்பாவின் குரல் போனில்தான் பழக்கம். அவள் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி, யாரோடு சிநேகிதம், எதற்காக இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியாது. டைல்ஸ் எந்த நிறம் என்று தெரியும். இது அவருடைய குற்றம் மட்டுமல்ல. அந்த வீட்டைக் கேட்கிற மாப்பிள்ளைமாரும், அதைக் கேட்டு வாங்குகிற உம்மாமாரும், நிக்காஹ் மேடையில் சீதனம் ஹராம் என்று பயான் பண்ணிவிட்டு அதே புது வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற நாமும் சேர்ந்துதான் அந்த ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நானும் சீதன வீட்டில்தான் இருக்கிறேன். என் மாமனார் இருபத்தெட்டு வருடம் கடை நடத்தியவர். அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் எத்தனை இரவு இருக்கிறது என்று யோசித்தால் எனக்குச் சில நேரம் வெட்கமாக இருக்கும்.

வியாபாரி என்றால் ஆம்பிளை என்றே இவ்வளவும் எழுதிவிட்டேன். வீட்டிலிருந்து கேக் அடிக்கிற, அபாயா தைக்கிற, றோல்ஸும் பற்றிஸும் பொரித்துக் கடைகளுக்குப் போடுகிற சகோதரிகளும் முதலாளிமார்தான். பெருநாளுக்கு முதல் கிழமை அவர்கள் விடியற்காலை இரண்டு மணி வரை மிஷினில் இருக்கிறார்கள். ஆனால் "யாவாரம் இருக்கு" என்ற சாட்டு அவர்களுக்குச் செல்லாது. சோறும் ஆக வேண்டும், பிள்ளையும் குளிக்க வேண்டும், மாமியாருக்கு மருந்தும் கொடுக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கும் வந்துவிடுகிறார்கள், நூல் ஒட்டிய அபாயாவோடு. அவர்களால் முடிகிறது என்றால் முதலாளிமாரே, உங்களால் முடியாமல் போவது எது?

ஒன்றரைக்கு வீட்டுக்குப் போகிற சேர் என்று எழுதினீர்களே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றரைக்கு வீட்டுக்குப் போகவில்லை. 2016இலிருந்து ஐந்து வருடம் எனக்கும் ஒரு கடை இருந்தது, அதன் பெயர் டியூஷன். வீட்டு முன்வளவில் தகரக் கொட்டில், முப்பது கதிரை, பின்னேரம் மூன்றிலிருந்து இரவு ஒன்பது வரை, கிழமைக்கு ஆறு நாள். சாதாரணதரப் பரீட்சை நெருங்கினால் பத்தரை வரை. என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஒருநாள் கொட்டில் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள், "சேர்" என்று. வந்து போகிற பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், அவளும் அதைத்தான் என் பெயர் என்று எடுத்திருக்கிறாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இரவு படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆறு நாளை மூன்றாக்கினேன். வருமானம் குறைந்தது, அதை மறைக்கமாட்டேன். முதல் ஆறு மாதம் கை நன்றாக இறுகியது, மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு மனைவியின் வளையல் ஒன்று அடகுக்குப் போனது. நேரத்தைக் குறைத்தால் பரகத் வந்து லாச்சி நிரம்பும் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை, எனக்கு நிரம்பவில்லை. ஆனால் பசியும் கிடக்கவில்லை. வளையல் ஒரு வருடத்தில் திரும்பி வந்தது. மகள் இப்போது என்னை வாப்பா என்கிறாள்.

என் வாப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடையைக் கடல் கொண்டுபோனது. மூன்று மாதத்தில் வெறும் தகரக் கொட்டிலில் மறுபடி தொடங்கினார். அந்தத் துணிச்சலுக்கு இன்றும் நான் அவர் காலைத் தொடுவேன். ஆனால் கடல் கொண்டுபோனதைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று காலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை நின்றார், கடன் தீர்ந்த பிறகும் நின்றார். சுகர் இருந்தது. கிளினிக் புதன்கிழமை, கொழும்பிலிருந்து லொறி வருவதும் புதன்கிழமை. கிளினிக் கொப்பியைப் பிறகு நான் எடுத்துப் பார்த்தேன், ஒரு வருடத்தில் இரண்டே இரண்டு திகதிதான் போட்டிருந்தது. காலில் ஒரு சின்னப் புண், செருப்பு வெட்டியது. அதைக் கவனிக்க நேரமில்லை. கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில். அரை நாள் அடைக்க முடியாது என்று சொன்ன கடை மூன்று வாரம் அடைபட்டுக் கிடந்தது. என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. செக்குகளில் ஒன்றைப் பக்கத்துக் கடை ஹாஜியார் கட்டினார். மற்றவற்றுக்குக் கொழும்பு முதலாளி போனிலேயே ஒரு மாதம் தவணை கொடுத்தார். திறந்த அன்றே பழைய ஆட்கள் எல்லோரும் வந்தார்கள், சுகம் விசாரித்தார்கள், சாமான் வாங்கினார்கள். எந்தப் போட்டிக் கடைக்குப் பயந்து கால் விரலைக் கொடுத்தாரோ, அந்தக் கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவர்.

வாப்பா இப்போது கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எந்த ஸ்விட்சைப் போட்டால் எந்த பல்ப் எரியும் என்று இன்னும் அவருக்குப் பழகவில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் கூச்சப்பட்டுக் கேட்கிறார், விருந்துக்கு வந்தவர் கேட்பது போல. உம்மாவும் அவரும் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகக் கதைக்கிறார்கள். முப்பது வருடம் அந்த வீட்டுக்குச் செலவுக்குக் கொடுத்த மனிதர், முன் விறாந்தையில் ஒரு கதிரையில் மட்டும்தான் தைரியமாக உட்காருகிறார். இரவு பதினொரு மணி வரைக்கும் நித்திரை வராது, பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வெள்ளி அஸருக்குப் பிறகு இந்த யோசனையை மீண்டும் எடுக்கச் சொல்லிப் பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். கடிதத்தில் கேட்டது இவ்வளவுதான்: மூன்று மாதம் செய்து பார்ப்போம். பார்மசியும் சாப்பாட்டுக் கடையும் நீங்கலாக 9.30. ரமழானுக்கு வேறு நேரம் தனியாகப் பேசலாம். மூன்று மாதம் முடிய அவரவர் கொப்பியைக் கொண்டு வாருங்கள். நட்டம் என்று காட்டுகிறவருக்கு முன்னால் நான் எழுந்து நின்று என் பிழை என்று சொல்கிறேன். டியூஷன் வைத்திருக்கிற ஆசிரியர்களும் அதே 9.30க்குக் கொட்டிலைப் பூட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். என் சக ஆசிரியர்கள் என்னைத் திட்டத் தொடங்கிவிட்டார்கள், ஆகவே நான் உங்கள் பக்கம் மட்டும்தான் கல் எறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மச்சான், நீயும் வா. லைக் போட்ட கையைத் தூக்கிப் பேசு.

அதற்கு முதல், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என் வகுப்புப் பெற்றோர் கூட்டம். பதினொரு கடைக்கும் பிள்ளைகளிடம் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டேன், வாப்பா வர வேண்டும் என்று அடிக்கோடிட்டு. எட்டே முக்காலுக்கு முடித்துவிடுவேன். நீங்கள் ஷட்டரைத் தூக்க முக்கால் மணிநேரம் மிச்சம் இருக்கும். கதிரை பதினொன்று போட்டு வைக்கிறேன்.